வளவு: வட்டத்துக்குள் குடியிருந்த சொல்

சேலம் மாவட்டத்தில் ஓமலூர், எடப்பாடி, சங்ககிரிப் பக்கம் போகிறவர்கள் காட்டுவளவு, மேட்டுவளவு என்ற பெயர்களை அடிக்கடி பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் இதைச் சாலை வளைவு என்று எடுத்துக்கொள்வதுண்டு. ஏற்காட்டுக்கு 20, கொல்லிமலைக்கு 70 என்று கொண்டை ஊசி வளைவுகள் பெயர்பெற்ற வட்டாரம் இது என்பதால் அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் சாலை நேராக ஓடும் சமவெளியிலும் வளவுகள் இருக்கின்றன. இங்கே வளவு என்றால் நாலைந்து குடும்பங்களோ நாற்பது குடும்பங்களோ சேர்ந்து வாழும் குடியிருப்பு. காடு என்பதும் இந்தப் பக்கம் மரமடர்ந்த வனத்தைக் குறிப்பதில்லை. மழையை நம்பி விதைக்கும் மேட்டு நிலமே காடு. அந்த நிலத்தையொட்டிக் குடியேறியவர்களின் இடம் காட்டுவளவு.

வளைவுக்கும் வளவுக்கும் உறவு இல்லாமல் இல்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ‘வளை’ என்ற வினைக்கு இன்று நாம் முதலில் நினைப்பது கோணச் செய்வதை. கம்பியை வளைக்கிறோம், வில்லை வளைக்கிறோம். ஆனால் சூழ்ந்துகொள்வதும் அதே வினையின் பொருள்தான். கோட்டையை வளைத்தார்கள் என்றால் சுற்றி நின்றார்கள் என்று பொருள். நேராகப் போவது வளைந்துகொண்டே போனால் தொடங்கிய இடத்துக்கே வந்து வட்டமாகும். வட்டமானால் அதற்கு ஓர் உள்ளிடம் கிடைக்கும். இந்தச் சொல் குடும்பத்தின் வரலாறு முழுவதும் இந்த ஒரு நகர்வில் அடங்கிவிடுகிறது.

கையைச் சூழ்வது வளையல். நண்டும் எலியும் குடைந்து வாழும் பொந்து வளை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்ற பழமொழியில் வளை, வீடாகவே ஆகிவிடுகிறது. கடல் சூழ்ந்த நிலத்தை வளாகம் என்று சொல்லும் வழக்கு புறநானூற்றுக் காலத்திலேயே உண்டு. அந்தச் சொல்தான் இன்று கல்லூரிக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் பெயராக நிற்கிறது.

வளைவு எப்படி வளவு ஆயிற்று? சொல்லின் நடுவில் நிற்கும் ஐகாரம் பேச்சில் குறுகி அகரமாவது தமிழில் இயல்பு. உடைமையை உடமை என்கிறோம். வளையலை வளவி என்னும் ஊர்களும் உண்டு. மலையாளத்தில் சாலைத் திருப்பத்துக்கே ‘வளவு’ என்றுதான் பெயர். வீட்டைச் சூழ்ந்த நிலத்துக்கு ‘வளப்பு’.

இந்தச் சொல் சேலத்தோடு நிற்கவில்லை. செட்டிநாட்டு வீட்டில் முகப்பைத் தாண்டினால் வருவது வளவு. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள். யாழ்ப்பாணத்தில் வளவு என்பது வீடும் கிணறும் மரங்களும் அடங்கிய, வேலி சூழ்ந்த காணி. சிங்களத்தில் பிரபுக்களின் பெரிய மாளிகையைக் குறிக்கும் ‘வலவ்வ’ என்ற சொல்லும் இதிலிருந்து சென்றதென்று கருதப்படுகிறது. ஓரிடத்தில் முற்றம், ஓரிடத்தில் காணி, ஓரிடத்தில் மாளிகை. நம் சமவெளியில் அது ஒரு குடும்பத்தின் சொத்தாக நிற்காமல் பல குடும்பங்களின் குடியிருப்பாக விரிந்தது.

ஆனால் வட்டம் போட்டால் உள்ளே இருப்பவர் என்றும் வெளியே இருப்பவர் என்றும் பிரிவு வந்துவிடுகிறது. சாதிப் பெயரை முன்னால் சுமந்த வளவுகள் இங்கே பல. யார் எங்கே குடியிருக்க வேண்டும் என்று ஊர் வகுத்த கோடு அந்தப் பெயர்களில் அப்படியே பதிந்திருக்கிறது. தெருக்கள், குடியிருப்புகளின் பெயர்களிலிருந்து சாதியை நீக்க 2025 அக்டோபரில் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. செய்ய வேண்டிய வேலைதான் இது. முன்னொட்டு போக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

போக வேண்டியது முன்னொட்டு மட்டுமே. பெயர் மாற்றும்போது வளவையும் சேர்த்துத் துடைத்துவிட்டு ‘நகர்’ என்று எழுதுவது எளிது. நகர் எங்கும் கிடைக்கும். வளவு அப்படிக் கிடைக்காது. சாதி இந்தச் சொல்லின் பொருளில் இல்லை, அதன் முன்னால் ஒட்டப்பட்டது. கூடிச் சூழ்ந்து வாழ்வது என்பதே இதன் பொருள். கிணறு, மரம், மேடு, பள்ளிக்கூடம் என்று முன்னால் வைக்க நல்ல பெயர்கள் எத்தனையோ இருக்கின்றன. உங்கள் ஊரில் பெயர் மாற்றம் கிராம சபைக்கு வரும் நாளில் எழுந்து சொல்லுங்கள்: சாதியை எடுத்துவிடுங்கள், வளவை விட்டுவிடாதீர்கள்.