ஆணி அடிக்காத படகுகள்

கயாக் என்பது ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லியான சிறு படகு. கடையில் வாங்கினால் விலை அதிகம் என்பதால் வெளிநாடுகளில் பலர் வீட்டுக் கொல்லையிலேயே பிளைவுட்டில் அதைச் செய்து கொள்கிறார்கள். செய்யும் விதம்தான் வேடிக்கை. பலகைகளின் ஓரத்தில் வரிசையாகச் சிறு துளைகள் போட்டு, செம்புக் கம்பியால் துணி தைப்பது போலத் தைக்கிறார்கள். பிறகு மூட்டுகளில் எபாக்சி பசை பூசி, கண்ணாடி இழை நாடா ஒட்டுகிறார்கள். பசை இறுகியதும் கம்பியை வெட்டி எடுத்து விடலாம். பெரிய தச்சு வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

1960களில் இந்த முறை இங்கிலாந்தில் பரவியது. தொலைக்காட்சியில் வீட்டு வேலைகள் சொல்லிக் கொடுத்த பாரி பக்னெலும் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து, சாதாரணக் குடும்பத்தாலும் செய்ய முடிகிற ஒரு சிறு பாய்மரப் படகை உருவாக்கினார்கள். டெய்லி மிர்ரர் பத்திரிகையின் ஆதரவோடு 1963ல் வெளிவந்ததால் அதற்கு 'மிர்ரர்' என்றே பெயர். பணக்காரர் விளையாட்டாக இருந்த பாய்மரப் படகு இப்படித்தான் சாமானியர் வீட்டுக்கு வந்தது.

சரி, படகைத் தைப்பது புது யோசனையா? இல்லவே இல்லை. கயாக்கின் தாயகமான ஆர்க்டிக் பகுதியில் இன்யூட் மக்கள், கரை ஒதுங்கிய மரத்தில் சட்டம் கட்டி அதன்மேல் சீல் தோலைத் தைத்துத்தான் அதைச் செய்தார்கள். நம் சோழமண்டலக் கரையிலோ மசூலா படகு இருந்தது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு அது. சென்னையில் துறைமுகம் கட்டப்படும் வரை, கப்பலில் வந்த துரைமார்கள் அலைகளைத் தாண்டிக் கரை சேர்ந்தது இதில்தான். ஆணி அடித்த படகு அலையில் மோதினால் பிளந்து விடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும்.

தைப்பதை விட எளிது கட்டுவது. அதற்கு நம் டெல்டா பக்கத்திலேயே பழைய சாட்சி இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு, கமரா என்ற துறைமுகத்தைச் சொல்கிறது. அது காவிரிப்பூம்பட்டினம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அங்கே ஓடிய கலங்களில், மரங்களைச் சேர்த்துக் கட்டிய 'சங்கரா' என்ற பெரிய கலமும் ஒன்று. ஆற்றில் வெள்ளம் வந்தால் வாழை மரங்களைச் சேர்த்துத் தெப்பம் கட்டும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இந்த யோசனை புரியச் சிரமமே இருக்காது!

இந்தக் குடும்பத்தின் ஏழைப் பிள்ளைதான் கட்டுமரம். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697ல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் ஒரே ஒரு ஆள் ஏறும் சிறு கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். அதில் போகிறவரின் கால் எப்போதும் தண்ணீரில்தான் இருக்குமாம். ஒரு வகையில் அதுதான் நம் ஊர் கயாக். 'கட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல் நம் கட்டுமரம்தான். ஆனால் இன்று அந்தப் பெயரில் ஓடுவது இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகு. பெயர் மட்டும் கப்பல் ஏறிப் போய்விட்டது.

கட்டுமரத்தின் கணக்கைக் கொஞ்சம் வணிகவியல் கண்ணோடு பார்ப்போம். முதலீடு: எடை குறைந்த சில மரங்கள், கயிறு, துடுப்பு. கடலுக்குப் போய் வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களை மணலில் காயப் போடுவார்கள். இல்லாவிட்டால் நீர் ஊறி மரம் கனத்து விடும். அதாவது தேய்மானத்தைக் குறைக்கும் வேலை தினமும் நடந்தது. ஒரு மரம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். பழுது பார்க்க வெளியாள் வேண்டாம். முதலாளி, தொழிலாளி, மெக்கானிக் மூவரும் ஒருவரே!

இந்தக் கணக்கை உடைத்தது மரத்தின் விலை. தகுந்த மரம் அரிதாகி விலை ஏறியபோது, 1980களின் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் ஒரு மாற்று முயற்சி நடந்தது. பியர் ஜில்லே என்பவரும் உள்ளூர் மீனவர்களும் சேர்ந்து பிளைவுட் படகுகள் செய்தார்கள். முறை? மேலே சொன்ன அதே தைத்து ஒட்டும் முறைதான்! அந்த அனுபவத்தை ஜில்லே 1985ல் ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். 'சிறியது கடினம்' என்பது தலைப்பின் பொருள். மலிவான படகு என்று பேசுவது சுலபம், நம் கரையின் அலைக்கு ஏற்ற படகைச் செய்து மீனவரை ஏற்க வைப்பது அவ்வளவு சுலபமில்லை என்பதைத் தலைப்பே சொல்லி விடுகிறது.

பிறகு 2004 டிசம்பர் 26. பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991ல் பிரிந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைச் சுனாமி கொண்டு போனது. கட்டுமரங்கள் நொறுங்கிப் போயின. உதவி செய்ய வந்தவர்கள் நல்ல மனதோடு ஃபைபர் படகுகளை வாரி வழங்கினார்கள். ஃபைபர் படகு மோசம் என்று சொல்ல வரவில்லை. அது உளுத்துப் போகாது, எஞ்சின் பொருத்தித் தூரம் போகலாம், ஆளுக்கும் பாதுகாப்பு. ஆனால் அதைச் செய்ய அச்சும் பட்டறையும் வேண்டும். ஓட்ட எஞ்சின், எண்ணெய், அதற்குக் கடன். மீன் கிடைக்காத நாளிலும் வட்டி ஓடும். கட்டுமரத்துக்குக் கடலில் இறங்காத நாளில் செலவே கிடையாது.

இலவசமாக வந்த படகுக்கும் ஒரு விலை இருந்தது என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது. வாங்கும் விலையை மட்டும் பார்த்து ஒரு பொருளை மலிவு என்று சொல்ல முடியாது. அது உடைந்தால் யார் சரி செய்வார், எத்தனை நாளில், யாரிடம் கடன் வாங்கி என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு முடியும். கொல்லையில் கயாக் தைக்கும் வெள்ளைக்காரருக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நம் கரையில் அதே கைவேலைதான் ஒரு குடும்பத்தைக் கடன்காரன் வாசலுக்குப் போகாமல் காப்பாற்றியது.