ஷியாவ்லோங்பாவ்: போட்டோ அப்புறம், முதல்ல சூப்! - ஷாங்காய் போறவங்களுக்கு ஒரு டேஸ்ட்டி கைடு

மூங்கில் கூடையின் மூடியைத் திறந்ததும் ஆவி குப்பென்று முகத்தில் அடிக்கும். உள்ளே வரிசையாகக் குட்டிக் குட்டிக் கொழுக்கட்டைகள். பார்க்க மோமோ மாதிரியே இருக்கும். 'இதுல என்ன ஸ்பெஷல்?'னு முழுசாக எடுத்து வாயில் போட்டீர்கள் என்றால், நாக்கு வெந்துடும் பாஸ்! ஏன்னா, அதுக்குள்ள கொதிக்கக் கொதிக்க சூப் இருக்கு.

இதுதான் சீனாவின் ஷாங்காய் பகுதி பெருமையாகக் கொண்டாடும் ஷியாவ்லோங்பாவ். சுற்றுலாவோ, படிப்போ, ஆபீஸ் வேலையோ... எதுக்காக ஷாங்காய் போனாலும் மிஸ் பண்ணக் கூடாத அயிட்டம். ஆனால், உள்ளே என்ன இருக்கு, எப்படிச் சாப்பிடணும் என்ற ரெண்டு விஷயமும் தெரிஞ்சுட்டுப் போவது நல்லது.

கூடை சின்னது, பேர் பெருசு

'ஷியாவ்' என்றால் சின்ன, 'லோங்' என்றால் ஆவியில் வேகவைக்கும் மூங்கில் கூடை, 'பாவ்' என்றால் பூரணம் வைத்த பன். அவ்வளவுதான் பேரோட அர்த்தம்.

பிறந்த ஊர், ஷாங்காயின் வடமேற்கில் இருக்கும் நான்ஷியாங். 1870-களில் அங்கே கடை வைத்திருந்த ஹுவாங் மிங்ஷியான் என்பவர்தான் இதைப் பிரபலமாக்கியவர் என்கிறார்கள். அவர் விற்ற பெரிய இறைச்சி பன்னை மற்ற கடைக்காரர்களும் காப்பியடிக்க, 'மாவு மெல்லிசு, பூரணம் அதிகம், சைஸ் சின்னது' என்று ரூட்டை மாற்றினாராம். 1900-ல் ஷாங்காய் நகரத்தின் யூயுவான் தோட்டம் அருகே நான்ஷியாங் பெயரிலான கடை வந்தது. இன்றைக்கும் டூரிஸ்ட் கூட்டம் அலைமோதும் இடம் அது.

ஒரு சின்னக் குழப்பம் வரலாம். கடை போர்டில் 'மான்டோ' என்று இருக்கும். சீனாவின் மற்ற இடங்களில் மான்டோ என்றால் பூரணம் இல்லாத வெறும் பன். ஷாங்காய்க்காரர்கள் பூரணம் வைத்ததையும் அப்படித்தான் சொல்வார்கள். கடை மாறிட்டோமோன்னு பயப்பட வேண்டாம்.

சூப் உள்ள போனது எப்படி?

ஊசி போட்டெல்லாம் ஏத்தலை. ஆட்டுக்கால் பாயாவை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலையில் அல்வா மாதிரி உறைந்திருக்கும் இல்லையா? அதே டெக்னிக்தான். பன்றித் தோலைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து, வடிகட்டி, குளிரவைத்தால் அந்தச் சாறு ஜெல்லியாக உறைந்துவிடும். அதைப் பொடியாக நறுக்கி, கொத்திய பன்றி இறைச்சி, இஞ்சி, வெங்காயத்தாள், சோயா சாஸோடு கலந்து பூரணமாக வைப்பார்கள். பல கடைகளில் அரிசி ஒயினும் கொஞ்சம் சேரும். கூடையை அடுப்பில் ஏற்றியதும் ஏழெட்டு நிமிஷத்தில் இறைச்சி வெந்து, ஜெல்லி உருகி சூப்பாகிவிடும்.

இந்த சூப்புக்கு ஆயுள் ரொம்பக் கம்மி என்பதுதான் முக்கியமான விஷயம். ஆற ஆற மாவு சூப்பை உறிஞ்சிக்கும், கொழுப்பு திரும்ப உறைய ஆரம்பிக்கும், அடிப்பக்கம் கூடையில் ஒட்டிக்கும். எடுத்தால் கிழிஞ்சு, மொத்த சூப்பும் கூடைக்குத்தான். அதனால் ஆங்கிள் பார்த்து, ஃபில்டர் போட்டு, ரீல் எடுத்து முடிக்கிற வரைக்கும் இது காத்திருக்காது. ஒரே ஒரு கிளிக், உடனே சாப்பிட ஆரம்பிச்சுடுங்க. பார்சல் வாங்கி ஹோட்டல் ரூமில் சாப்பிடும் ஐடியாவும் வேண்டாம்.

நல்ல கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

இதுக்கு ஒருத்தர் ஆராய்ச்சியே பண்ணியிருக்கார். ஷாங்காயில் வசித்த அமெரிக்க உணவு எழுத்தாளர் கிறிஸ்டோபர் செயின்ட் கேவிஷ், டிஜிட்டல் தராசு, கத்தரிக்கோல், தடிமன் அளக்கும் காலிப்பர் சகிதம் 52 கடைகளுக்குப் போய், ஒவ்வொரு இடத்திலும் ஷியாவ்லோங்பாவை வெட்டி அளந்தார். சூப் எடையையும் பூரணத்தின் எடையையும் கூட்டி, மாவின் தடிமனால் வகுத்து மார்க் போட்டு, 2015-ல் வெளியிட்டார்.

நமக்குத் தராசு தேவையில்லை, கண்ணே போதும். தூக்கும்போது அடிப்பக்கம் கனத்துத் தொங்கணும், ஆனால் கிழியக் கூடாது. மாவு லேசாக ஒளி ஊடுருவுற மாதிரி இருக்கணும். மேலே மடிப்புகள் சேரும் இடம் கெட்டியான உருண்டையாக இருக்கக் கூடாது. நான்ஷியாங் பாணியில் 14-க்குக் குறையாமல் மடிப்பு இருப்பது அழகு. தைவானில் 1972 முதல் இதை விற்று உலகம் முழுக்கக் கொண்டுபோன தின் தாய் ஃபங் உணவகத்தின் கணக்கு 18.

எல்லாவற்றையும் விட ஈஸியான டெஸ்ட்: ஆர்டர் கொடுத்த பிறகு, உங்கள் கண்ணெதிரில் மாவு தேய்த்து மடிக்கிறார்களா? அப்படின்னா தைரியமா உட்காருங்க.

சாப்பிடும் முறை: ஸ்டெப் பை ஸ்டெப்

1. சின்னக் கிண்ணத்தில் கறுப்பு வினிகர் ஊற்றி, மெல்லிசாகச் சீவிய இஞ்சியைப் போடுங்கள். பக்கத்து மாகாணமான ஜியாங்சுவின் ஜென்ஜியாங் வினிகர்தான் இதுக்குப் பக்கா ஜோடி. கொழுப்பின் திகட்டலை அந்தப் புளிப்பு வெட்டிடும்.

2. மடிப்புகள் சேரும் உச்சியைச் சாப்ஸ்டிக்கால் மெதுவாகப் பிடித்துத் தூக்குங்கள். நடுவில் குத்தினால் கதை முடிஞ்சது.

3. வினிகரில் லேசாகத் தொட்டு, ஸ்பூனில் வையுங்கள்.

4. ஓரத்தில் சின்னதாக ஒரு கடி. ஆவி வெளியேறட்டும். ஊதி, சூப்பை உறிஞ்சுங்கள். சத்தம் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

5. மிச்சத்தை இஞ்சியோடு ஒரே வாயில் உள்ளே தள்ளுங்கள். செம!

போர்க் சாப்பிட மாட்டீங்களா? இதைக் கட்டாயம் படிங்க

சீனாவில் வெறுமனே 'ரோ' என்றால் பொதுவாக இறைச்சி என்று அர்த்தம். ஆனால் மெனுவில் அது பெரும்பாலும் பன்றி இறைச்சிதான். மாடு என்றால் 'நியூ', ஆடு என்றால் 'யாங்' என்று முன்னால் சேர்ந்து வரும். 'நான் நண்டு வெரைட்டிதானே வாங்குறேன்?' என்றும் நினைக்காதீர்கள். வழக்கமான நண்டு ஷியாவ்லோங்பாவில் பன்றி இறைச்சியும், பன்றித் தோல் ஜெல்லியும் சேர்ந்தே இருக்கும்.

ஹலால் தேடுபவர்கள் 'சிங்ஜென்' என்ற எழுத்துள்ள போர்டைப் பாருங்கள். சூப் பன்னையே ஹலாலாக ருசிக்க ஷியான் நகரம் பெஸ்ட். அங்குள்ள முஸ்லிம் தெருவில் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி வைத்த சூப் பன்கள் ரொம்பவே ஃபேமஸ்.

வெஜ் நண்பர்களுக்கு 'சூ' என்ற சொல் துணை. சைவம் என்று அர்த்தம். யூயுவான் பகுதியிலேயே இருக்கும் சோங்யுவேலோ என்ற சைவ உணவகத்தில் கீரையும் காளானும் வைத்த பன் கிடைக்கும். உள்ளே சூப் இருக்காது, ஆனால் ருசியில் குறை இருக்காது. வாயால் கேட்டு மட்டும் நம்பாமல், 'பன்றி இறைச்சி, பன்றிக் கொழுப்பு, இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம்' என்று சீன மொழியில் டைப் செய்து போனில் சேவ் பண்ணிக் காட்டுவது சேஃப்.

இன்னும் கொஞ்சம் வெரைட்டி

* ஷெங்ஜியான்பாவ்: இதுவும் ஷாங்காய் ஸ்பெஷல். தட்டையான பெரிய சட்டியில் எண்ணெய் விட்டுச் சுட்டெடுப்பார்கள். அடியில் மொறுமொறு, மேலே எள்ளும் வெங்காயத்தாளும், உள்ளே சூப்.

* வூஷி ஸ்டைல்: ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வூஷி. அந்த ஊர்க்காரர்களுக்கு இனிப்பு பிடிக்கும், பூரணமும் தித்திக்கும்.

* ஜிங்ஜியாங் டாங்பாவ்: உள்ளங்கை அளவு பெருசு. ஸ்ட்ரா போட்டு சூப்பை உறிஞ்சிட்டு அப்புறம் சாப்பிடணும்.

* நண்டு சீசன்: ஆற்று நண்டின் முட்டையும் சதையும் சேர்த்த வெரைட்டிக்கு இலையுதிர் காலம்தான் சரியான நேரம். அக்டோபர், நவம்பரில் போனால் லக்!

கிளம்பறதுக்கு முன்னாடி...

கூகுள் சேவைகள் சீனாவில் வழக்கம்போல வேலை செய்யாது. மொழிபெயர்ப்பு ஆப்பில் சீன மொழியை முன்கூட்டியே ஆஃப்லைனில் டவுன்லோடு பண்ணிக்கோங்க. பணம் கட்ட அலிபே அல்லது வீசாட் ஆப்பில் உங்கள் சர்வதேச கார்டை இணைத்துவிடுங்கள். சின்னக் கடைகளில் முதலில் கவுன்டரில் பணம், அப்புறம்தான் கூடை. ஆர்டரே கூடைக் கணக்கில்தான், 'யீ லோங்' என்றால் ஒரு கூடை.

யூயுவானில் க்யூ நீளம் என்றால் கவலை வேண்டாம். மெட்ரோ லைன் 11-ல் ஏறினால் நேராக நான்ஷியாங். அங்கே பழைமையான குயீ தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிறந்த ஊரிலேயே ருசிக்கலாம். ஆளுக்கு ஒரு கூடை போதும். தீர்ந்ததும் அடுத்ததைச் சொல்லுங்க. நாலு கூடை ஒண்ணா மேஜைக்கு வந்தால், நாலாவதில் சூப் இருக்காது!