பிசினஸ் அனலிஸ்ட் என்னதான் வேலை பார்ப்பார்? மதுரை கண் மருத்துவமனையில் இருக்கு விடை!

கோட், லேப்டாப், வாரம் ஒரு விமானப் பயணம். மேனேஜ்மென்ட் கன்சல்டிங் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இதுதான். 'எக்செல்லும் பிபிடியும் போடுறதுக்கா இவ்வளவு சம்பளம்?' என்ற கேள்வியும் கூடவே வரும். உண்மையில் அந்த வேலை எப்படி இருக்கும்? தெரிந்துகொள்ள மும்பை வரை போக வேண்டாம். மதுரையிலேயே பார்க்கலாம்.

பிசினஸ் அனலிஸ்ட் யார்?

ஒரு நிறுவனம் தன் சிக்கலைத் தீர்க்க வெளியாரிடம் ஆலோசனை கேட்பதுதான் மேனேஜ்மென்ட் கன்சல்டிங். 1926-ல் சிகாகோவில் தொடங்கிய மெக்கின்சி இத்துறையின் பெரிய பெயர்களில் ஒன்று. அங்கு பட்டப்படிப்பு முடித்த கையோடு சேர்பவர்களுக்கான பதவிதான் பிசினஸ் அனலிஸ்ட்.

ஐடி கம்பெனிகளிலும் இதே பெயரில் பதவி உண்டு. அங்கே, வாடிக்கையாளருக்கு எப்படிப்பட்ட மென்பொருள் வேண்டும் என்று கேட்டு எழுதுவது முக்கிய வேலை. கன்சல்டிங்கில், சிக்கல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே வேலை.

மதுரைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் நிர்வாக முறையைப் பிற மருத்துவமனைகளுக்கும் கற்றுக்கொடுக்க, லயன்ஸ் அமைப்பின் ஆதரவோடு 1992-ல் உருவானது 'லைக்கோ' நிறுவனம். அதை வழிநடத்திய ஆர்.டி.துளசிராஜ் டாக்டர் அல்ல. ஐஐஎம் கல்கத்தாவில் மேலாண்மை படித்தவர்.

முதலில் லைக்கோ குழு மருத்துவமனைக்கு நேரில் போய் நிலவரத்தை ஆராயும். பிறகு அந்த மருத்துவமனையின் டாக்டர், நிர்வாகி, செவிலியர் எனப் பலரும் மதுரைக்கு வந்து திட்டம் வகுப்பார்கள். அதன்பின் தொடர் கண்காணிப்பு.

ஒரு நாள் எப்படிப் போகும்?

இதுபோன்ற ஆய்வில் அனலிஸ்ட்டின் காலைப்பொழுது, புறநோயாளிகள் பிரிவிலேயே போய்விடும். நோயாளி எத்தனை மணிக்கு டோக்கன் வாங்கினார், எத்தனை மணிக்கு டாக்டரைப் பார்த்தார் என்று குறிக்க வேண்டும். மதியம் பதிவேடுகளைப் புரட்டுவது, செவிலியர், பில் கவுன்டர் ஊழியர்களிடம் பேசுவது. மாலையில் எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றிச் சரிபார்ப்பது. பிபிடி கடைசியில்தான் வரும்.

கணக்கு எதைக் காட்டும்?

ஓர் அறுவை சிகிச்சைக்கு 10 நிமிடம், அடுத்த நோயாளியைத் தயார்செய்ய 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மேஜை என்றால் மணிக்கு 2 பேர்தான். ஒரு மேஜையில் சிகிச்சை நடக்கும்போதே இன்னொரு மேஜையில் அடுத்தவரைத் தயார்செய்தால் மணிக்கு 4 பேர். டாக்டர் அவசரப்படவே இல்லை. வெறுமனே காத்திருக்கும் நேரம்தான் குறைந்தது. அரவிந்தில் இந்த இரட்டை மேஜை முறைதான் நடைமுறை. இதற்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கூடுதலாக வேண்டும். அந்தச் செலவையும் அனலிஸ்ட் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வராதவர்களை யார் எண்ணுவது?

மருத்துவமனைப் பதிவேட்டில் வந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். தென்னிந்தியக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 1999-ல் வெளியானது. கண் பிரச்சினை இருந்தவர்களில் சுமார் 7 சதவீதம் பேரே இலவச முகாமுக்கு வந்திருந்தார்கள். பயம், செலவு, குடும்பப் பொறுப்பு எனப் பல காரணங்கள். சிகிச்சை இலவசமாக இருந்தாலும், உசிலம்பட்டி பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒருவருக்கு பஸ் காசும், துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலியும் செலவுதானே? 2004 முதல் அரவிந்த், கிராமங்களுக்கு அருகிலேயே சிறிய பார்வை மையங்களைத் திறந்தது.

கஷ்டமான பகுதி எது?

அனலிஸ்ட் ஆலோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது. கையில் நோட்டோடு நிற்பவரைப் பார்த்தாலே 'நம்ம வேலைக்கு ஆபத்தோ' என்று ஊழியர்கள் பயப்படுவார்கள். பயந்தவர்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். தகவல் தப்பென்றால் கணக்கும் தப்பு. மருத்துவமனையில் அப்படித் தப்பினால், பார்வை திரும்பக் காத்திருப்பவர்தான் பாதிக்கப்படுவார்.

யார் சேரலாம்?

குறிப்பிட்ட ஒரு பட்டம்தான் வேண்டும் என்றில்லை. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் கல்லூரி வளாகத் தேர்வில் ஆள் எடுக்கின்றன. நேர்காணலில் ஒரு தொழில் சிக்கலைக் கொடுத்து, அதை எப்படிப் பிரித்து யோசிக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். கணக்கு, எக்செல், ஆங்கிலம் அவசியம். டோக்கன் வரிசையில் நிற்கும் பாட்டியிடம் 'எப்ப வந்தீங்கம்மா?' என்று கேட்டுப் பேசத் தெரிவதும் அதே அளவு அவசியம்.