கொர்னீலியா மாமியும் நயினாதீவுக் காணி உறுதியும்

நயினாதீவிலிருந்து ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்குப் போறதெண்டால் முதலில் லோஞ்சில் ஏறிக் குறிகட்டுவானில் இறங்க வேணும். பிறகு பஸ். புங்குடுதீவு, வேலணை தாண்டிப் போய்த் திரும்ப ஒரு நாள் போய்விடும். எங்களில் ஒருத்தியின் பெரியம்மா ஒரு காணி அலுவலாக இப்படிப் பல தடவை அலைந்தவர். அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய் அவர் வீட்டில் நாங்கள் தங்கியிருந்தபோது அந்தக் கதையைச் சொன்னார். "லோயர் நல்ல மனுசன்தான் பிள்ளையள். ஆனால் எல்லாத்தையும் ஒரு ஆம்பிளையிட்டச் சொல்ல ஏலுமே? பாதியைத்தான் சொன்னனான். அவரும் பாதி வழக்கைத்தான் பேசினார்."

இந்த வசனத்தைக் கேட்டபோது எங்களுக்கு ஞாபகம் வந்தவர் கொர்னீலியா சொராப்ஜி. இந்தியாவில் சட்டத் தொழில் செய்த முதல் பெண். பெரியம்மா சொன்ன அதே சிக்கலுக்காகத்தான் அவர் சட்டம் படித்தார்.

1866 நவம்பர் 15 இல் நாசிக்கில் பிறந்தவர். தகப்பன் பார்சி சமூகத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர். தாய் பூனாவில் பள்ளிக்கூடம் நடத்தியவர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி கொர்னீலியாதான். பரீட்சையில் அவர் எடுத்த இடத்துக்கு இங்கிலாந்து போய்ப் படிக்க அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைத்திருக்க வேணும். பெண் என்பதால் கொடுக்கவில்லை. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் உட்படச் சிலர் காசு சேர்த்துக் கொடுக்க, 1889 இல் ஒக்ஸ்போர்டின் சமர்வில் கல்லூரிக்குப் போனார். 1892 இல் சட்டப் பரீட்சை. பெண்ணைப் பரீட்சிக்க மாட்டேன் என்று ஒரு பரீட்சகர் நின்றார். பல்கலைக்கழகம் விசேட தீர்மானம் போட்டுத்தான் அவரை எழுத விட்டது. எழுதித் தேறினார். ஆனால் பட்டம் கையில் கிடைத்தது 1922 இல். ஒக்ஸ்போர்ட் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியதே 1920 இல்தான். பெறுபேறு பிந்துதென்று புலம்புகிற நாங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்!

இந்தியா திரும்பியவருக்கும் வேலை இல்லை. பம்பாயில் சட்டப் பரீட்சை எழுதினார், 1899 இல் அலகாபாத்திலும் எழுதினார். இரண்டிலும் தேறினார். ஆனால் நீதிமன்றத்தில் எழும்பி நின்று பேசப் பெண்ணுக்கு இடமில்லை என்றார்கள்.

அந்த நேரம் வட இந்தியாவில் திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சிலருக்குப் பெரிய சொத்து. குடும்பத்துக்கு வெளியே ஒரு ஆணோடும் கதைக்க முடியாது. சட்டத்தரணிகள் எல்லாரும் ஆண்கள். எனவே கணவன் செத்தால் சொத்தை மைத்துனனோ கணக்குப்பிள்ளையோ விழுங்கினாலும் கேட்க ஆளில்லை. இவர்களுக்காக ஒரு பெண் சட்ட ஆலோசகர் வேணும் என்று கொர்னீலியா அரசாங்கத்துக்கு விடாமல் எழுதினார். 1904 இல் வங்காளத்தில் அந்தப் பதவி உருவானது. சிறுவர்கள், விதவைகளின் சொத்துகளை நிர்வகித்த 'கோர்ட் ஒஃப் வார்ட்ஸ்' என்ற அரச அமைப்பில் வேலை. வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் என்று அலைந்து சுமார் இருபது வருசத்தில் 600 க்கு மேற்பட்ட பெண்களுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் உதவினார் என்பது கணக்கு. பெண்கள் சட்டத் தொழில் செய்யலாம் என்ற சட்டம் 1923 இல் வந்தது. அதுக்குப் பிறகுதான், ஐம்பத்தெட்டு வயதை நெருங்கும்போது, கல்கத்தாவில் வழக்கறிஞராக நின்றார். 1954 யூலை 6 இல் லண்டனில் இறந்தார்.

இப்படி ஒருவரை ஏன் எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் தெரியாது? ஒரு காரணம் அவருடைய அரசியல். அவர் பிரித்தானியப் பேரரசின் பக்கம் நின்றவர். காந்தியை எதிர்த்தவர். இந்தியர்களை இழிவுபடுத்தியது என்று இந்தியா முழுக்கக் கோபப்பட்ட 'மதர் இந்தியா' என்ற கதரின் மேயோவின் 1927 ஆம் ஆண்டுப் புத்தகத்தை ஆதரித்தவர். அதோடு கூட வேலை செய்த பெண்களே விலகிப் போனார்கள். சுதந்திர இந்தியாவுக்கு அவரை நினைக்க ஒரு தேவையும் இருக்கவில்லை.

அவரைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் மருமகன். தம்பியின் மகன் ரிச்சர்ட் சொராப்ஜி, பண்டைய கிரேக்க மெய்யியல் படிப்பித்த பேராசிரியர். எங்கட முறைப்படி கொர்னீலியா அவருக்கு மாமி. மாமி சாகும்போது அவருக்கு இருபது வயதுக்குக் கிட்ட. 2010 இல் 'ஓபனிங் டோர்ஸ்' என்ற பெயரில் மாமியின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். பாசத்தோடு ஒருவரை நினைக்க அவர் சொன்ன எல்லாவற்றையும் சரி என்று சொல்லத் தேவையில்லை. எங்களுக்கு இது சின்ன விசயமில்லை.

ஏனென்றால் எங்கட சட்டத்தரணிகளை எண்ணிப் பாருங்கோ. நீலன் திருச்செல்வம் 1999 யூலை 29. குமார் பொன்னம்பலம் 2000 ஜனவரி 5. நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10. மகேஸ்வரி வேலாயுதம் 2008 மே 13, சுகமில்லாத தாயைப் பார்க்க வடமராட்சிக்கு வந்த இடத்தில். நாலு பேரும் கொல்லப்பட்டவர்கள். ஒருவருக்கு விளக்குக் கொளுத்துறவர்கள் மற்றவரின் பெயரைக் கேட்டால் பேசாமல் இருப்பார்கள். முதல் கேள்வி "அவர் எந்தப் பக்கம்?" என்பதுதான். யாருக்காக வழக்குப் பேசினார், யாரைச் சிறையிலிருந்து வெளியில் எடுத்தார் என்பதெல்லாம் அதுக்குப் பிறகு. பக்கத்தைக் கேட்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கேளுங்கோ. ஆனால் அந்தக் கேள்வியோடு வரலாறு முடியக் கூடாது. கொர்னீலியா பேரரசை நம்பியது பிழை என்றுதான் நாங்களும் நினைக்கிறம். அந்த 600 பேரின் சொத்து அதனால் பொய்யாகாது.

பெரியம்மாவின் காணிக்கு வருவம். அது அவருடைய சீதனக் காணி, உறுதியில் அவர் பெயர்தான். ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் தொகுக்கப்பட்டு, 1806 இல் ஆங்கிலேயர் ஏற்றுக்கொண்ட தேசவழமை யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குச் சொத்துத் தருகிறது. பெருமையாகச் சொல்லுவம். ஆனால் 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, கலியாணம் கட்டிய பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும். கணவன் இருக்கும் இடம் தெரியாவிட்டால், கைவிட்டுப் போயிருந்தால், நியாயமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். பெரியப்பா சண்டைக் காலத்தில் போனவர், திரும்பி வரவில்லை. வராத மனிசனின் கையெழுத்துக்குப் பதிலாகத்தான் பெரியம்மா லோஞ்சும் பஸ்ஸும் ஏறி அலைந்தார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமார் எத்தனை பேர் இந்தச் சட்டத்துக்குள் நிற்கினம் என்று யோசித்துப் பாருங்கோ.

இண்டைக்கு எங்கட சட்டபீடங்களில் பெண் பிள்ளைகள் நிறையப் படிக்கினம். கொர்னீலியாவுக்குப் பூட்டியிருந்த கதவு அவர்களுக்குத் திறந்திருக்கு. ஆனால் பெரியம்மா சொல்லாமல் விட்ட மற்றப் பாதியைக் கேட்க யாராவது குறிகட்டுவானில் லோஞ்ச் ஏற வேணும். நாங்கள் அடுத்த தடவை போகும்போது கொப்பியோடு போறதாக முடிவெடுத்திருக்கிறம். உங்கட வீட்டிலும் நீதிமன்றப் படி ஏறிய ஒரு மாமியோ பெரியம்மாவோ இருந்தால், அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கோ.