நுண்கடன் நெருக்கடி: மட்டக்களப்பில் யாரிடம் உதவி கேட்கலாம்?

யுத்தத்தில் கணவனை இழந்து, படுவான்கரையிலும் வாகரையிலும் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலருக்குக் கிழமைதோறும் வரும் கடன் அறவீடு ஓயாத தலையிடி. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கும்போதுதான் சுமை இரட்டிக்கிறது.

2018இல், மட்டக்களப்பு உட்பட வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், மூன்று மாதங்களுக்கு மேல் நிலுவையிலிருந்த, ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத பெண்களின் நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. வேறிடத்தில் கடன்பட்டுத் தவணையைத் தவறாமல் கட்டியவர்கள் அதற்குள் அடங்கவில்லை.

ஆகவே அடுத்த கடனுக்குக் கையெழுத்திடுமுன், உங்கள் கடனால் இலாபமடையாதவரிடம் ஆலோசனை கேளுங்கள்.

மத்திய வங்கி: கடன் தந்த நிறுவனம் அதன் அனுமதி பெற்றதா என்று பாருங்கள். பெற்றிருந்தால் 1935 இலக்கத்தில் முறையிடலாம்.

சட்ட உதவி ஆணைக்குழு: 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது, மட்டக்களப்பிலும் அலுவலகம் உண்டு. வருமானம் குறைந்தோருக்குச் சட்ட ஆலோசனை இலவசம். நீதிமன்ற அழைப்பாணை வந்தால் ஒளிக்காமல் உடனே இங்கே செல்லுங்கள்.

மத்தியஸ்த சபை: சட்டத்தரணி தேவையில்லை. இரு தரப்பும் சம்மதித்தால்தான் இணக்கம். கட்ட முடியாத தொகைக்குத் தலையாட்ட வேண்டாம்.

பிரதேச செயலகம்: அறவிட வருபவர் மிரட்டினால் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் சொல்லலாம், பொலிஸிலும் முறையிடலாம்.

செல்லும்போது ஒப்பந்தப் பிரதி, தவணை அட்டை, பற்றுச்சீட்டுகள், அடையாள அட்டை ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். “கடனை ரத்துச் செய்து தருகிறேன்” என்று முற்பணம் கேட்பவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.