தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமம்

அடுக்குமாடி கட்டி விற்பவர்கள், மனைப்பிரிவு போட்டு விற்பவர்கள், இடையில் நின்று பேரம் முடிக்கும் தரகர்கள் ஆகியோரைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு இது. மக்கள் வாயில் ‘ரெரா’. இதற்கு அடிப்படையாக, நாடாளுமன்றம் 2016 மார்ச்சில் நிறைவேற்றிய மத்தியச் சட்டம் 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அதற்கான விதிகளை அடுத்த மாதமே வெளியிட்டது. குழுமம் இருப்பது சென்னை எழும்பூரில். அந்தமான் நிக்கோபார் தீவுகளும் இதன் ஆளுகைக்குள்தான்.

பதிவுதான் குழுமத்தின் முதல் பிடி. பதிவு எண் வாங்காமல் விளம்பரம் செய்யவோ, முன்பணம் வாங்கவோ கூடாது. நிலம் 500 சதுர மீட்டருக்கு (ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்டு) மிகாவிட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மிகாவிட்டாலோ விலக்கு உண்டு. எட்டு வீட்டோடு நிறுத்திக்கொள்ளும் சிறு பில்டரிடம் வாங்குபவர் இதைக் கவனிக்க வேண்டும். பெரிய திட்டத்தைத் துண்டு துண்டாகக் காட்டித் தப்பிக்க முடியாது; எல்லாக் கட்டங்களையும் சேர்த்தே கணக்கு. விண்ணப்பத்தின் மீது 30 நாளுக்குள் முடிவெடுக்காவிட்டால் பதிவானதாகவே கொள்ளப்படும்.

பணத்துக்கும் பூட்டு உண்டு. வாங்குபவர்கள் கட்டும் தொகையில் 70 விழுக்காடு அந்தத் திட்டத்துக்கென்றே உள்ள தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். வேலை எந்த அளவு முடிந்திருக்கிறதோ அந்த அளவுக்கே எடுக்கலாம். அதற்கும் பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் மூவரும் சான்றளிக்க வேண்டும். ஒரு திட்டத்துக்கு வாங்கிய பணத்தில் வேறோர் ஊரில் நிலம் வாங்கிப் போடும் பழைய வழக்கத்துக்காகவே எழுதப்பட்ட பிரிவு இது.

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. பரப்பளவைச் சொல்லும்போது கார்பெட் ஏரியாவைச் சொல்ல வேண்டும். உள் சுவர்கள் அதில் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேரா. மாடிப்படி, லிஃப்ட் எல்லாவற்றையும் கூட்டி ‘சூப்பர் பில்ட்-அப்’ கணக்கில் 1,200 சதுர அடி என்று விற்ற வீட்டின் உண்மையான அளவு இப்போது தாளில் தெரிந்துவிடும். ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் 30 நாளில் கட்டணமின்றிச் சரிசெய்து தருவது கட்டியவர் பொறுப்பு.

சொன்ன தேதியில் சாவி கிடைக்காதவருக்கு இரண்டு வழிகள் உண்டு: விலகிக்கொண்டு முழுப் பணத்தையும் வட்டியோடு கேட்கலாம், அல்லது காத்திருந்து தாமதத்துக்கு மாதாமாதம் வட்டி பெறலாம். வட்டி, பாரத ஸ்டேட் வங்கியின் நிதிச் செலவை ஒட்டிய கடன் விகிதத்தைவிட (எம்.சி.எல்.ஆர்.) இரண்டு விழுக்காடு கூடுதல். இந்தக் கோரிக்கைகள் ‘எம்’ படிவத்தில் குழுமத்துக்குப் போகும். இழப்பீடு மட்டும் ‘என்’ படிவத்தில் தீர்ப்பளிக்கும் அலுவலருக்கு. எது யாருடைய வேலை என்ற இழுபறிக்கு உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில், நியூடெக் புரமோட்டர்ஸ் வழக்கில் முற்றுப்புள்ளி வைத்தது.

சிவில் நீதிமன்றம்போல் ஆட்களை அழைக்கவும், ஆவணங்களை வரவழைக்கவும் குழுமத்துக்கு அதிகாரம் உண்டு. இடைக்காலத் தடை விதிக்கலாம், பதிவை ரத்து செய்யலாம். பதிவில்லாமல் விற்றால் திட்ட மதிப்பில் பத்து விழுக்காடு வரை அபராதம். அதன்பிறகும் அடங்காதவருக்கு மூன்றாண்டு வரை சிறை. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 60 நாளுக்குள் போகலாம். ஆனால் வாங்கியவருக்குத் தர வேண்டிய தொகை முழுவதையும் முதலில் கட்டிவிட்டுத்தான் கட்டுநரின் மனு விசாரணைக்கு வரும்.

இத்தனை அதிகாரமும் வசூல் என்று வரும்போது தளர்ந்துவிடுகிறது. கட்டுநர் பணம் தராவிட்டால் அது நில வருவாய் நிலுவைபோல் வசூலிக்கப்பட வேண்டும். குழுமத்திடம் இதற்கென்று சொந்த ஆட்கள் இல்லை. கோப்பு மாவட்ட ஆட்சியருக்குப் போய், அங்கிருந்து வட்டாட்சியர் மேசைக்கு வரும். ஜப்திக்கான சட்டமோ 1864-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம். உத்தரவைக் கையில் வைத்திருப்பவர் அடுத்து அலைய வேண்டியது வருவாய்த்துறை அலுவலகங்களுக்கு.