வீட்டு வர்ணம்: சுண்ணாம்பு முதல் எனாமல் வரை

தாயகத்திலே போகிப் பண்டிகை நெருங்கும்போது வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். நாம் பிழைப்பை நாடி வந்து குடியேறியிருக்கும் இவ்வடபுலத்திலோ தீபாவளிக்கு முன்னரே அப்பணி முடிந்துவிடுகின்றது. பண்டிகை வேறு, பருவம் வேறு; ஆயினும் மழைக்காலத்தின் கறையைப் போக்கி, இல்லத்தைப் புதுப்பித்துத் திருநாளை வரவேற்க வேண்டும் என்னும் எண்ணம் ஒன்றே. நம் காலனியிலும் இவ்விரு பண்டிகைகளுக்கும் இடைப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில், மேசையையோ நாற்காலியையோ குழந்தையின் தொட்டிலையோ தாழ்வாரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையில் பிரஷ்ஷுடன் அமர்ந்திருக்கும் குடும்பத் தலைவரைக் காணாத வரிசை இல்லை எனலாம். குடியிருப்பின் சுவருக்கு வெள்ளையடிப்பது இலாகாவின் பொறுப்பு. நம் சொந்தச் சாமான்களுக்கோ நாமே வர்ணக்காரர்.

இந்தச் சிறு தொழிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது சுவையானது, ஓரிடத்தில் துயரமும் கலந்தது. அதனை அறிந்துகொள்வது நம் குழந்தைகளின் உடல்நலத்துக்கு இன்றியமையாதது. ஆதலின், இவ்வாண்டு மலரிலே அதனைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

சுண்ணாம்பின் காலம்

அஜந்தாக் குகைகளிலும், புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலிலும் நம் முன்னோர் தீட்டிய சுவரோவியங்களை அனைவரும் அறிவர். காவிக் கல், மஞ்சட் கல், விளக்குக் கரி, சுண்ணாம்பு போன்ற எளிய பொருள்களே அவர்களுக்குப் பெரும்பாலும் வர்ணங்களாக உதவின. அரசர்களின் ஆதரவு பெற்ற ஓவியனுக்கு உதவிய அதே சுண்ணாம்பும் காவியுமே ஏழையின் மண்சுவருக்கும் உதவின. 

கிளிஞ்சலைச் சூளையிலிட்டுச் சுட்டு, நீரூற்றி நீற்றி, சில நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டுவர். சுவரில் பற்றி நிற்பதற்காகக் கஞ்சியோ கோந்தோ சேர்ப்பர். சிறிது நீலம் கலந்தால் வெண்மை பளிச்சிடும். தென்னை மட்டையின் நுனியைத் தட்டி நாராக்கினால் அதுவே பிரஷ். வீட்டிலுள்ள அனைவரும் கூடிச் செய்த வேலை அது. அடித்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு, மெல்ல மெல்ல மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகிவிடுகின்றது. அதன் காரத்தன்மை பூஞ்சையையும் கிருமிகளையும் அண்டவிடுவதில்லை.

சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பெருந்தீங்கு விளையும், கையையும் புண்ணாக்கும். ஆயினும் அத்தீமை உடனே உறைத்துத் தன்னை அறிவித்துவிடும். எதைக் கலந்தோம், எவ்வளவு கலந்தோம் என்பதையும் கலந்தவர் அறிவார். பின்னால் வந்த பூச்சுகளுக்கு இவ்விரு குணங்களும் இல்லாமற் போயின.

டப்பா வந்த கதை

மரத்துக்கும் இரும்புக்கும் சுண்ணாம்பு ஏற்றதன்று. அவற்றுக்கு எண்ணெய் வர்ணமே வேண்டும். ஐரோப்பாவில் வர்ணக்காரர்கள் நிறப்பொடியை ஆளி விதை எண்ணெயில் இட்டுத் தாமே கல்லில் அரைத்துக் கூட்டினார்கள். அது பயின்றவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையாக இருந்தது. 1867ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சார்ந்த ஆவரில் என்பவர், கலந்து ஆயத்தமாக விற்கும் வர்ணத்துக்குக் காப்புரிமை பெற்றார். பத்து ஆண்டுகள் கழித்து, 1877இல், ஷெர்வின் வில்லியம்ஸ் கம்பெனியார் திறந்து மீண்டும் மூடத்தக்க டப்பாவுக்கு உரிமை பெற்றார்கள். மூடியைத் திறந்து கலக்கிப் பூசினால் போதும் என்னும் நிலை வந்ததும், தொழில் பயிலாத குடும்பத்தாரும் பிரஷ்ஷைக் கையில் எடுத்தார்கள். நாமே வீட்டுக்கு வர்ணம் பூசும் வழக்கத்துக்கு வித்திட்டது அந்த மூடி போட்ட டப்பாவே ஆகும்.

நம் நாட்டில் 1902ஆம் ஆண்டில் வங்கத்து ஹௌராவிலே ஷாலிமார் வர்ணத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. 1942இல், உலகப் போரினால் வெளிநாட்டுச் சரக்கு வரத்துக் குறைந்த வேளையில், பம்பாயில் நண்பர்கள் நால்வர் கூடி ஏஷியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1954இல் அந்நிறுவனத்துக்காக ஓவியர் ஆர். கே. லட்சுமண் வரைந்து தந்த ‘கட்டு’ என்னும் குறும்புச் சிறுவன், கையில் பிரஷ்ஷும் டப்பாவுமாகப் பல்லாண்டுகள் கடை வாசல்களில் காட்சி தந்தான். சுவருக்குச் சீமைச் சுண்ணாம்பும் வச்சிரமும் கலந்த டிஸ்டெம்பர், மரத்துக்கும் இரும்புக்கும் பளபளக்கும் எனாமல் என்று மத்தியதரக் குடும்பங்களின் வழக்கம் நிலைபெற்றது.

ஈயத்தின் நிழல்

அந்த டப்பாவினுள்ளே இருந்தது என்ன? பன்னெடுங் காலமாக எண்ணெய் வர்ணத்தின் வெண்மைக்கு ஆதாரமாக இருந்தது ஈய வெள்ளை. ஈயத் தகடுகளைச் சுருட்டி, காடி ஊற்றிய மண்பாண்டங்களில் வைத்து, குதிரைச் சாணத்தில் புதைத்து மாதக்கணக்கில் விட்டுவைத்தால், தகட்டின்மேல் வெண்ணிற உப்புப் படியும். அதனைச் சுரண்டி அரைத்து எண்ணெயில் குழைப்பர். இஃது அடியில் உள்ளதை நன்கு மறைக்கும், விரைவில் உலரும், நெடுநாள் உழைக்கும். மஞ்சளுக்கு ஈயக் குரோமேட், இரும்பின் துருவைத் தடுக்கச் செந்நிற ஈயம் என்று மற்ற வர்ணங்களிலும் ஈயம் இடம்பெற்றது.

ஆனால் ஈயம் நஞ்சு. அதனைக் கையாண்ட வர்ணக்காரர்களுக்குப் பொறுக்கவியலாத வயிற்றுவலி கண்டது. சிலருக்கு மணிக்கட்டு வலுவிழந்து தொங்கிற்று. பாரிஸ் நகரில் வர்ணம் பூசும் தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியான லெக்ளேர் என்பவர், தம் ஆட்கள் படும் துன்பத்தைக் கண்டு மனம் பொறாது, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஈயத்துக்கு மாறாகத் துத்தநாக வெள்ளையைப் பயன்படுத்தினார். 1909இல் பிரான்சு அரசாங்கம் ஈய வெள்ளையை விலக்கச் சட்டம் இயற்றியது.

இதற்கிடையே ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பகுதியில் வேறொரு துயரம் வெளிப்பட்டது. பிரிஸ்பேன் நகரத்துக் குழந்தைகள் பலர் ஈய நஞ்சினால் நோயுற்றார்கள். அவர்கள் எந்தத் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர்கள் அல்லர். லாக்ஹார்ட் கிப்சன் என்னும் மருத்துவர் காரணத்தைத் தேடி, 1904ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். மர வீடுகளின் தாழ்வாரக் கம்பிகளில் பூசிய ஈய வர்ணம், கடும் வெயிலில் காய்ந்து மாவாக உதிர்கின்றது; அதனைத் தொட்டு விளையாடும் குழந்தைகள் விரலைச் சப்பும்போதும் நகத்தைக் கடிக்கும்போதும் நஞ்சு உள்ளே போகின்றது என்று அவர் கூறினார். நம் நாட்டின் வெயிலையும் நம் வீடுகளின் தாழ்வாரத்தையும் எண்ணிப் பார்ப்போர்க்கு இச்செய்தி அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றாது.

1921இல் ஜெனிவாவில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளை பூசுவதை விலக்க ஓர் உடன்படிக்கை செய்தது. ரயில்வே ஊழியராகிய நாம் கருதத்தக்க செய்தி ஒன்று அதில் உண்டு. ரயில் நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் ஈய வெள்ளை தேவை என்று அதிகாரிகள் கருதினால், முதலாளி, தொழிலாளி இரு தரப்புச் சங்கங்களையும் கலந்து அனுமதிக்கலாம் என்று விதிவிலக்குச் செய்தார்கள். உழைத்து நிற்கும் பூச்சு என்பதனாலேயே அதனைக் கைவிட உலகம் தயங்கியது.

அமெரிக்க நாடு வீட்டு வர்ணத்தில் ஈயத்தை 1978இல்தான் விலக்கியது. நம் நாட்டிலோ, 2007ஆம் ஆண்டில் டில்லியின் டாக்சிக்ஸ் லிங்க் என்னும் தொண்டு அமைப்பு கடைகளில் வாங்கிய டப்பாக்களைச் சோதித்து, ஈயம் மிகுந்த வர்ணங்கள் விற்பனையில் இருப்பதை வெளியிட்டது. 2016 நவம்பர் 1ஆம் நாள் மத்திய அரசாங்கம் விதிகளை அறிவித்தது. வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் உரிய வர்ணத்தில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தல் ஆகாது என்பது விதி. அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பிரிஸ்பேன் மருத்துவர் எச்சரித்த ஆண்டுக்கும் நம் விதி நடைமுறைக்கு வந்த ஆண்டுக்கும் இடையே 113 ஆண்டுகள்!

கருமணல் தந்த வெண்மை

ஈய வெள்ளையின் இடத்தைப் பெரும்பாலும் நிரப்பியது டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் பொருள். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் அதனைத் தொழில்முறையில் செய்யத் தொடங்கினார்கள். அதன் மூலப்பொருளான இல்மனைட் நம் தென்கோடிக் கடற்கரையிலே கறுப்பு மணலாகக் குவிந்து கிடக்கின்றது. 1909இல் சோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் தாதுவைக் கண்டார். உடனிருந்த இல்மனைட் மதிப்புப் பெற்றது பின்னரே. 1946இல் திருவனந்தபுரத்தில் திருவாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. காலில் ஒட்டும் கருமணலிலிருந்து கண்ணைப் பறிக்கும் வெண்மை பிறக்கின்றது என்பதைக் குமரிப் பக்கத்து அன்பர்கள் பெருமையுடன் கூறிக்கொள்ளலாம்.

பழைய பூச்சின் அடியில்

ஆயின், புதுச் சட்டம் பழைய பூச்சை அழித்துவிடவில்லை. நம் வீடுகளிலுள்ள தொட்டில், அலமாரி, இரும்புக் கட்டில் முதலியவற்றுள் பல, 2017க்கு முன்னரே பலமுறை வர்ணம் கண்டவை. மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் நம்முடனே ஊர் ஊராக வந்தவை. அவற்றின் மேற்பூச்சு புதியதாயினும், அடியில் மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகப் பழைய அடுக்குகள் உறங்குகின்றன. பூச்சு உறுதியாக இருக்குமளவும் பெருங்கவலை இல்லை. அது உரியும்போதும், நாம் அதனைத் தேய்க்கும்போதுமே தீங்கு எழுகின்றது. உப்புத்தாள் கொண்டு உலர்ந்தபடியே தேய்த்தால் எழும் தூள் தரையிலும் பாயிலும் படிந்து, தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குள் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தீங்கற்ற அளவு என்று ஒன்று ஈயத்துக்கு இல்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து.

ஆகவே, நாமே வர்ணம் பூசும்போது சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும். பழைய பூச்சு இறுகப் பற்றியிருந்தால் அதனைச் சுரண்டாமல், ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, மேலே பூசிவிடலாம். உரிந்திருந்தால் நீரில் நனைத்துத் தேய்க்கும் தாளைக் கொண்டு ஈரமாகவே தேய்த்தல் வேண்டும். தீயால் பொசுக்குதல் கூடவே கூடாது. கீழே பழைய தாளோ சாக்கோ விரித்து, உதிர்ந்ததைச் சுருட்டிக் கட்டி, பிள்ளைகள் கைபடாதவாறு அப்புறப்படுத்துக. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க. குழந்தைகளும் கருவுற்ற மகளிரும் அவ்விடத்தில் இருத்தல் ஆகாது. வேலை செய்த உடையைத் தனியே துவைத்து, கைகால் கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்குக. வீட்டுக் கதவோ சன்னலோ பெருமளவில் உரிந்திருந்தால், நாமே சுரண்டப் புகாது இலாகாவுக்கு எழுதுவதே முறை.

கடையில் வாங்கும்போது டப்பாவின் மேல் ஈயத்தைப் பற்றிய குறிப்பு அச்சாகியிருக்கின்றதா எனப் படித்துப் பார்த்தே வாங்குக. மேற்சொன்ன விதிகள் வீட்டு வர்ணத்துக்கும் அலங்கார வர்ணத்துக்குமே உரியவை. தொழிற்சாலைகளுக்கான பூச்சுகளை அவை கட்டுப்படுத்தவில்லை. பாலத்துக்கும் வண்டிக்கும் ஆன வர்ணம் மலிவாகக் கிடைக்கின்றது என்று எவரேனும் கொடுத்தால், அதனைத் தொட்டிலில் பூச எண்ணாதிருப்பதே அறிவுடைமை.

அலுவலகத்திலே கோப்பில் புதுக் குறிப்பு எழுதுமுன் கீழே உள்ள பழைய குறிப்புகளைப் படித்துப் பார்க்கின்றோம். மாற்றலாகிப் போகும்போது, இன்ன இன்னவை நிலுவையில் உள்ளன என்று அடுத்து வருபவரிடம் எழுதிக் கொடுத்தே பொறுப்பை ஒப்படைக்கின்றோம். நம் காலனியில் தொட்டில் ஒரே வீட்டில் நிற்பதில்லை. ஒரு குழந்தை வளர்ந்ததும் அடுத்த வரிசையில் பிறந்த குழந்தைக்குப் போகின்றது. மொழியும் மாநிலமும் பாராது போகின்றது. அவ்வாறு கொடுக்கும்போது, அதன்மேல் எந்த ஆண்டில் எந்தப் பூச்சுப் பூசினோம், அடியில் எத்தனை பழைய பூச்சுகள் உள்ளன என்பதையும் வாங்கிக்கொள்ளும் தாயிடம் சொல்லியே கொடுப்போமாக.